பதினொரு நாள் குறைவு

அந்தக் கடிதம் வந்த நேரத்தில் அம்மா காதில் மெஷின் மாட்டியிருக்கவில்லை. தபால்காரர் கூப்பிட்டுப் பார்த்து அலுத்துப்போய், கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். வெளியே போயிருந்த நான் திரும்பி வந்து செருப்புக் காலோடு அதை மிதித்தேன். பழுப்பு உறை. ஓய்வூதிய அலுவலகத்தின் முத்திரை, அதன் மேல் என் செருப்பின் அச்சு.

நான் வீடு திரும்பிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நாலு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தவள். என் பை பாதி பிரிக்காமல் சுவரோரம் கிடந்தது. எந்த நிமிடமும் கிளம்பிவிடக்கூடிய வண்டியைப் பார்ப்பதுபோல அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. கடிதம் வந்த பிறகு அதற்கு நேரமும் இல்லை.

அம்மா மெஷினை மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் படித்தேன். புதிய ஓய்வூதியச் சட்டத்தின்படி அவளுடைய பணிக்காலத்தை மறுபடி கணக்கிட்டிருக்கிறார்கள். இருபத்தொன்பது வருடம், பதினொரு மாதம், பத்தொன்பது நாள். முழு ஓய்வூதியம் பெற முப்பது வருடம் வேண்டும். பதினொரு நாள் குறைவு. ஆகவே இனி அடிப்படை ஓய்வூதியம் மட்டும். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் ஆதாரத்தோடு நேரில் வரவும்.

அடிப்படை ஓய்வூதியம் என்பது அவள் வாங்கிக்கொண்டிருந்ததில் பாதிக்கும் கீழே. வாடகை கொடுத்தால் மருந்து இல்லை, மருந்து வாங்கினால் வாடகை இல்லை. அதற்கு மேல் மாமா வீடுதான். மாமா, அம்மாவின் தம்பி, நல்ல மனிதர். போன வருடமே கேட்டிருக்கிறார், எதற்கு அக்கா தனியாகக் கஷ்டப்பட வேண்டும், எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கட்டில் போட்டால் போயிற்று என்று. அம்மா சிரித்துக்கொண்டே சொன்ன பதிலை அவர் எனக்குப் போனில் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார்: "கட்டில் போடலாம்டா. கதவு எங்க போடுவே?"

பழைய சட்டத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, கடைசிச் சம்பளம், மூன்றும் இருந்தால் போதும். அந்தக் கணக்கில் அம்மாவுக்கு முப்பது வருடமும் ஆறரை மாதமும் வரும். அதை நம்பித்தான் இரண்டு வருடம் முன்னால் மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். புதிய சட்டம் தேதிகளைப் பார்ப்பதில்லை, வேலை செய்த நாளை எண்ணுகிறது. சம்பளமில்லா விடுப்பு மொத்தமும் கழிந்துவிடும். ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும். அம்மாவின் பதிவில் அப்படி ஒரு விடுப்பு இருந்தது. ஏழு மாதம். காரணம் என்ற இடத்தில் "குழந்தையை வளர்க்க" என்று போட்டிருந்தது.

அந்தக் குழந்தை நான்தான்.

"என்னாலதானா இது?" என்று கேட்டேன்.

அம்மா கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள். "உன்னாலன்னு எழுதிக் குடுத்தேன்," என்றாள். "லீவுல நான் ஒரு நாளும் இல்ல."

அம்மா நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவள். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் இரண்டு பெரிய மோட்டார்கள், ஒரு அழுத்தமானி, ஒரு மேஜை, ஒரு ரிஜிஸ்டர். மூன்று ஷிப்ட், மூன்று ஆபரேட்டர். ரிஜிஸ்டரில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள். மணிக்கு ஒரு தடவை அளவைப் பார்த்து எழுதி, ஷிப்ட் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அம்மாவுக்கு இரண்டாவது பத்தி. மூன்றாவது பத்திக்காரரை எல்லாரும் மூணாம் நம்பர் என்றே கூப்பிட்டார்கள். ராத்திரி ஷிப்ட்டை அவர் கேட்டு வாங்கிக்கொண்டவர். மோட்டார் சத்தம் பழகிவிடும், ஆபீசர் சத்தம்தான் பழகாது என்பாராம்.

அம்மா அங்கே சேர்ந்த முதல் பெண். வந்த அன்றைக்கே ஃபோர்மேன் ஒரு நாற்காலியைக் காட்டி, மோட்டார் பக்கம் போகாதே, ரிஜிஸ்டரை மட்டும் எழுது என்றிருக்கிறார். பொம்பளைக்கு மோட்டார் கட்டுப்படுமா என்று மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். மூணாம் நம்பர் மட்டும், "மோட்டாருக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுய்யா, கரண்டு வருதா இல்லையான்னுதான் தெரியும்" என்று சொல்லி ஸ்விட்சை அவள் கையில் கொடுத்தாராம். அன்றிலிருந்து அவர் அம்மாவுக்கு அண்ணன். அவருடைய மனைவி அண்ணி.

நான் பிறந்து பதினொரு மாதம் இருக்கும்போது அண்ணன் தொட்டியின் இரும்பு ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்துபோனது. தொடர்ந்து தொண்ணூறு நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். ஆனால் பெண்களுக்குப் பிள்ளை வளர்க்க ஒரு வருடம்வரை சம்பளமில்லா விடுப்பு உண்டு, பெயரும் போகாது. அந்த விதியைத்தான் இவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அம்மா என்னைக் காட்டி விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அவளுடைய இரண்டாவது பத்திக்கு மாற்று ஆள் வந்தார். அம்மா ராத்திரியில் போய் மூன்றாவது பத்தியில் அமர்ந்து, அண்ணன் வேலையைச் செய்து, அண்ணன் பெயரில் கையெழுத்துப் போட்டாள். அப்பா லாரியோடு போனால் பத்து நாள் கழித்து வருகிறவர், ஆகவே நானும் கூடப் போனேன். காலியான மோட்டார்ப் பெட்டியில் துணி விரித்து என்னைப் போட்டுவிடுவாளாம். எனக்கு இன்றைக்கும் ரயிலிலும் பேருந்திலும் வருகிற தூக்கம் அமைதியான அறையில் வருவதில்லை.

மாதம் பிறந்தால் அண்ணி ஓர் உறையில் அண்ணனுடைய சம்பளத்தில் பாதியைக் கொண்டுவந்து கொடுப்பார். ஃபோர்மேனுக்கு விஷயம் தெரியும். காலையில் கையெழுத்து இருந்தால் சரி என்று அவர் கண்டுகொள்ளவில்லை. ஏழு மாதம் கழித்து அண்ணன் நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்தார், அம்மா தன் பத்திக்குத் திரும்பினாள். யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வேலை செய்த நாள் மட்டும் அம்மா பெயரில் எங்கேயும் ஏறவில்லை. நாளை எண்ணுகிற ஒரு சட்டம் வரும் என்று அப்போது யார் கண்டது?

கேட்டு முடித்ததும் எனக்கு வழி தெளிவாகத் தெரிந்ததுபோல் இருந்தது. போய் உள்ளதைச் சொல்லிவிடலாம். ஏழு மாதம் வேண்டாம், பதினொரு நாள் போதும்.

"அப்ப அண்ணி?" என்றாள் அம்மா.

அண்ணன் திரும்பி வந்த இரண்டாம் வருடம் மாரடைப்பில் போய்விட்டார். மொத்தம் பத்து வருடமும் இரண்டு மாதமும் வேலை. குடும்ப ஓய்வூதியம் கிடைக்கப் பத்து வருடம் வேண்டும். அந்த இரண்டு மாத விளிம்பில்தான் அண்ணி இருபத்தாறு வருடமாக நின்றுகொண்டிருக்கிறார். பிள்ளைகள் இல்லை. அம்மா உண்மையைச் சொன்னால் அண்ணன் கணக்கிலிருந்து ஏழு மாதம் போகும், பத்து வருடம் ஒன்பதாகும், அண்ணியின் ஓய்வூதியம் அடியோடு நின்றுபோகும். இதுவரை வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொன்னாலும் கேட்க நாதியில்லை.

நான் விடவில்லை. நீ தப்பு ஒன்றும் செய்யவில்லை, வேலைதானே செய்தாய் என்றேன். வயதான பெண்களைத் தெருவில் நிறுத்த மாட்டார்கள் என்றேன். அண்ணிக்கு நாம் ஏதாவது செய்யலாம் என்றேன், என்ன செய்வோம் என்று தெரியாமலே. நான் பேசப் பேச அம்மா மெஷினைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு அரிசி களைய எழுந்து போனாள். முப்பது வருட மோட்டார் சத்தம் அவள் காதைத் தின்றிருந்தது. பதிலுக்கு அது கொடுத்த சௌகரியம் இது ஒன்றுதான்.

நாலாவது நாள் அண்ணியே வந்தார். குறைவு உள்ளவர்களின் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டியிருந்தார்களாம். ஒல்லியான உடம்பு, எப்போதும் கக்கத்தில் இடுக்கிய பை. அவருடைய சொந்தப் பெயர் முதல் பட்டியலிலேயே சரி என்று வந்துவிட்டது. அந்த நிம்மதியில் இருந்தவர் கண்ணில் அம்மாவின் பெயர் பட்டிருக்கிறது.

"பதினொரு நாளாமே," என்றார், வாசல் நிலையைப் பிடித்தபடி.

"ஆமா அண்ணி. உள்ள வந்து உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "அங்க போய் என்ன சொல்லப் போறே?"

"இன்னும் யோசிக்கல."

"யோசிக்க என்ன இருக்கு இதுல? யோசிக்கிறேன்னு சொன்னாலே சொல்லப் போறேன்னுதான் அர்த்தம்."

நான் குறுக்கே போனேன். அம்மாவுக்கும் வாடகை கொடுக்க வேண்டும், வீடு போய்விடும் என்று சொன்னேன்.

"நீ சும்மா இரு பாப்பா. நீ இன்னைக்கு இருப்பே, நாளைக்குப் பிளேன் ஏறுவே. எனக்கு ஏற எதுவும் இல்ல." பிறகு அம்மா பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது, அதுதான் மோசமாக இருந்தது. "நீ என்ன சும்மாவா செஞ்சே? மாசாமாசம் பாதிச் சம்பளத்தைக் கை நீட்டி வாங்கினே இல்ல?"

அம்மா நிதானமாகக் கையைத் தூக்கி மெஷினைக் கழற்றினாள். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி இன்னும் நாலு வார்த்தை பேசினார். அம்மாவின் கை அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. பேச்சு பாதியில் நின்றது. பையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

அன்று அம்மா மாத்திரை போட மறந்தாள். நானும் ஞாபகப்படுத்த மறந்தேன்.

ஒரு வாரம் அப்படியே போனது. மாமா இரண்டு தடவை போன் செய்தார். ஹாலின் அளவு சொன்னார், கட்டில் எந்தச் சுவரோரம் என்று கேட்டார். நான் போனை அம்மாவிடம் கொடுக்கவில்லை. ஒரு காலை கடைக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாவியைக் கேட்டேன். அம்மா ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தவள், சாவியை விடாமல் அப்படியே நின்றாள். ஒரு முனை அவள் கையில், ஒரு முனை என் கையில்.

"வாட்ச்மேன் புக்கு," என்றாள்.

நீரேற்று நிலையத்தில் பிளீச்சிங் பவுடர் வைக்கும் அறைக்குத் தனிப் பூட்டு. வாரத்துக்கு ஒரு முறை, விடிவதற்கு முன்னால், மூன்றாவது ஷிப்ட்காரர் அதைத் திறந்து பவுடர் எடுத்துத் தொட்டியில் கலக்க வேண்டும். சாவி கேட்டில் வாட்ச்மேனிடம் இருக்கும். ஒரு தடவை சாவி தொலைந்து அவருடைய சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். அதிலிருந்து சாவி வாங்குகிறவர் அவருடைய நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா பழக்கத்தில் முதல் தடவை அண்ணன் பெயரை எழுதப் போக, வாட்ச்மேன் நோட்டைப் பிடுங்கிக்கொண்டாராம். "சாவி மூஞ்சிக்குத்தாம்மா, பேருக்கு இல்ல. நாளைக்குக் காணோம்னா நான் யாரைப் பிடிக்கிறது, ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவரையா?" ஆகவே அந்த ஏழு மாதமும், வாரம் ஒரு நாள், அம்மா அந்த நோட்டில் தன் சொந்தப் பெயரையே போட்டிருக்கிறாள்.

ஏழு மாதத்தில் முப்பது வாரம். வேண்டியது பதினொன்று. அதைவிட முக்கியம், அந்த நோட்டில் அண்ணன் பெயரே கிடையாது. அம்மா வந்தாள், சாவி வாங்கினாள். அண்ணன் வரவில்லை என்று அது சொல்லவில்லை.

புதிய நிலையம் வந்து, பழையதை மூடி ஆறு வருடம் ஆகிவிட்டது. காகிதங்களைச் சாக்கில் கட்டிப் பின்பக்கக் கொட்டகையில் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். இப்போது அங்கே காவலுக்கு இருப்பவர், ஓய்வு பெற்றவர்கள் வந்து சாக்கைக் கிளறுவதற்குப் பழகிப்போயிருந்தார். போன வாரம் ஒருத்தர் ஒரு மாதத்தைத் தேடி வந்து, அது கிடைக்காமல் தேள் கொட்டு வாங்கிக்கொண்டு போனார் என்று எச்சரித்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

மூன்று நாள் தேடினோம். எலிப் புழுக்கை, கரையான் மண், ஒன்றோடொன்று ஒட்டிப்போன ரசீதுகள். நான் தூசியில் தும்மிக்கொண்டே சாக்குகளைக் கொட்டினேன், அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகத் தட்டிப் பார்த்தாள். ஷிப்ட் ரிஜிஸ்டர்கள் ஒன்றுகூட இல்லை. கரையானுக்குப் போயிருக்கும் என்று நினைத்தோம், உள்ளுக்குள் நிம்மதியும் பட்டோம். மூன்றாம் நாள் மத்தியானம், சிவப்புத் துணி ஒட்டிய ஒரு நீள நோட்டு. அம்மா திறக்காமலே தெரிந்துகொண்டாள், அட்டையில் வாட்ச்மேனின் வெற்றிலைக் கறை இருந்தது. பின்பாதி தண்ணீர் பட்டு மை கரைந்துபோயிருந்தது. முன்பாதியில் தேதியும் பெயரும் பளிச்சென்று தெரிகிற அம்மாவின் கையெழுத்துகளை எண்ணினேன். பதினாலு.

அம்மா நேராக அண்ணி வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். உங்களுக்கு ஒன்றும் ஆகாது, வேறு வழி கிடைத்துவிட்டது என்று சொல்லத்தான். அண்ணி கதவைத் திறக்கவில்லை. உள்ளே பாத்திரம் நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது, எனக்கு. அம்மாவுக்கு நான் சொன்னேன்.

விசாரணை முப்பதாவது நாளில் கிடைத்தது. அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு நீண்ட கூடம், வரிசையாக பெஞ்சுகள், கையில் பிளாஸ்டிக் உறைகளோடு நரைத்த தலைகள். எத்தனையோ நாட்டு வரிசைகளில் நின்றிருக்கிறேன், இவ்வளவு அடக்கமான வரிசையைப் பார்த்ததில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் தன் உறையால் விசிறிக்கொண்டே சொன்னார், "முப்பத்தோரு வருஷம் ஓட்டினேன்மா. ரிவர்ஸ்ல போன தூரத்தையெல்லாம் கழிச்சிட்டாங்கபோல." ரெண்டு பேர் சிரித்தார்கள். அவர் பெயரைக் கூப்பிட்டதும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

சரிபார்ப்பு அலுவலருக்கு என் வயதுதான் இருக்கும். ஜலதோஷம், கையில் கைக்குட்டை. மரியாதையாகப் பேசினார். அம்மாவின் மெஷினைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விடுப்பில் இருந்தபோதும் பதினாலு நாள் வேலைக்கு வந்தேன் என்ற அம்மாவின் மனுவைப் படித்துவிட்டு, சிவப்பு நோட்டைத் திறந்து பென்சில் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"பதினாலு இருக்கு," என்றார்.

நான் மூச்சு விட்டேன்.

"ஆனா சாவி வாங்கினது மட்டும் டூட்டி ஆகாதும்மா. அன்னைக்கு நீங்க ஷிப்ட்ல இருந்தீங்களான்னு ஒரு தடவை பார்த்துக்கணும்." திரும்பி, பின்னால் இருந்த அலமாரியிலிருந்து தடியான ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். வெள்ளைச் சீட்டு ஒட்டிய ஷிப்ட் ரிஜிஸ்டர். கரையான் தின்னவில்லை. சரிபார்க்க என்று எங்களுக்கு முன்பே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

அம்மாவின் கை மேஜை விளிம்பில் இருந்தது. அது நகரவில்லை.

அவர் நோட்டில் இருந்த முதல் தேதியைப் பார்த்து, ரிஜிஸ்டரில் அந்தப் பக்கத்தைத் திருப்பினார். முதல் பத்தியில் ஒரு பெயர். இரண்டாவதில் மாற்று ஆளின் பெயர். மூன்றாவதில் மூணாம் நம்பர். "உங்க பேரு எங்கயுமே இல்லையே," என்றார், எங்களுக்காக வருத்தப்படுகிற குரலில். அடுத்த தேதி. அதற்கும் அடுத்தது, பதினேழாம் தேதி. அங்கே பென்சில் நின்றது.

அம்மா ஏழு எழுதினால் நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவாள். அழுத்தமானி அளவை எழுதும்போது ஒன்றும் ஏழும் குழம்பக்கூடாது என்று அவளாகப் பழகிக்கொண்டது. மளிகைச் சீட்டிலும் அப்படித்தான், என் பிறந்த தேதியை எழுதினாலும் அப்படித்தான். நோட்டில் பதினேழாம் தேதியின் ஏழுக்கு நடுவில் கோடு இருந்தது. ரிஜிஸ்டரின் மூன்றாவது பத்தியில், மணிக்கு ஒன்றாக எழுதிய அளவுகளில், அத்தனை ஏழுக்கும் கோடு இருந்தது. இரண்டாவது பத்தியில் ஒன்றுக்கும் இல்லை.

அவர் ரிஜிஸ்டரைப் பல பக்கங்கள் பின்னால் தள்ளிப் பார்த்தார். அண்ணன் விழுவதற்கு முந்தைய மாதம். மூன்றாவது பத்தியில் கோடில்லாத ஏழுகள், இரண்டாவதில் கோடு போட்டவை. திரும்பவும் முன்னால் வந்தார். கைக்குட்டையை எடுத்தவர் மூக்கைத் துடைக்கவில்லை. அவர் பார்த்துவிட்டார். அவர் பார்த்துவிட்டதை நானும் பார்த்தேன்.

"அம்மா," என்றார். "இந்த மூணாவது பத்தியை எழுதினது யாரு?"

எனக்கு என்ன தோன்றியதோ, திரும்பினேன். கூடத்தின் கடைசி பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. எங்களை நம்பாமல், நாங்கள் சொல்வதைத் தன் காதால் கேட்க வந்திருக்கிறார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நான் திரும்பியதைப் பார்த்தாள்.

"சொல்லு அம்மா," என்றேன், அவள் காதருகே. எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

அம்மாவின் கை காதுப்பக்கம் போனது. மெஷினைக் கழற்றப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதை உள்ளே தள்ளிச் சரியாக அழுத்திக்கொண்டாள்.

"தம்பி, நான் பதில் சொன்னா அதை நீங்க எழுதணுமா?"

"எழுதித்தான் ஆகணும்மா. பதில் சொன்னீங்கன்னா உங்களுக்கு முழு பென்ஷன் கிடைக்கவும் வாய்ப்பு இருக்கு."

"இந்தப் பேருக்கு?" விரலால் மூன்றாவது பத்தியைத் தொட்டாள்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"மனுவே இல்லன்னா?"

அவர் ரிஜிஸ்டரிலிருந்து கையை எடுத்தார். "மனு இல்லன்னா இதை நான் திறக்க வேண்டிய அவசியமே இல்ல. ஆனா இன்னைக்குக் கடைசி நாள். மனுவைத் திரும்ப எடுத்துக்கிட்டீங்கன்னா மறுபடி குடுக்க முடியாது."

"தெரியும்," என்றாள் அம்மா. "குடுங்க."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று அச்சடித்த ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். அலுவலர் ரிஜிஸ்டரை மூடி அலமாரியில் வைத்தார். அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார் என்று இப்போது தோன்றுகிறது. அது என் ஆசையாகவும் இருக்கலாம். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

நாங்கள் எழுந்து திரும்பியபோது கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது.

வீடு வரும்வரை நான் அம்மாவோடு பேசவில்லை. வந்த பிறகும் பேசவில்லை. ஏமாந்தவள், பைத்தியக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். அம்மா அலமாரியைத் திறந்து எதை மாமா வீட்டுக்கு எடுத்துப்போவது, எதைக் கொடுத்துவிடுவது என்று இரண்டு குவியல் போட்டாள். கொடுத்துவிடும் குவியல் பெரிதாகிக்கொண்டே போனது. மறு மாதம் பாதிக்கும் குறைவான ஓய்வூதியம் வந்தது. வீட்டுக்காரரிடம் மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லிவிட்டோம். மாமா ஹாலில் கட்டிலைப் போட்டே விட்டார், போட்டோ அனுப்பினார். சுவரில் பெரிய டிவி, அதற்கு நேர் கீழே கட்டில். அம்மா அந்தப் போட்டோவை வெகுநேரம் பார்த்தாள்.

காலி செய்ய மூன்று நாள் இருக்கும்போது வாசலில் ஆட்டோ நின்றது. அண்ணி இறங்கினார். கக்கத்தில் பை, கூட ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய பாய். ஆட்டோக்காரரிடம் இரண்டு ரூபாய்க்குச் சண்டை போட்டு ஜெயித்துவிட்டு, பெட்டியை அவரையே தூக்க வைத்து உள்ளே வந்தார்.

"வாடகை எவ்வளவு?" என்று கேட்டார், எடுத்த எடுப்பில்.

அம்மா சொன்னாள்.

"பாதி நான் தரேன். பின்னறை எனக்கு."

"அண்ணி..."

"உனக்காக வரல. அங்க கூரை ஒழுகுது." பின்னறையை எட்டிப் பார்த்தார். "ராத்திரியில நான் குறட்டை விடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

"நான் மெஷினைக் கழட்டிட்டுத்தான் தூங்கறேன்," என்றாள் அம்மா.

அண்ணி சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. அன்று அவர் சொன்ன அந்தச் சொல் இன்னும் இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தது, யாரும் அதை எடுத்து வெளியே வைக்கவில்லை. பெட்டியை வைக்க இடம் பார்த்த அண்ணியின் கண் சுவரோரம் போனது. "இந்தப் பையை என்ன பண்றதா உத்தேசம் பாப்பா? ஒண்ணு பிரி, இல்ல கிளம்பு. நடு வழியில கிடக்குது."

நான் பிரித்தேன். மாமாவுக்குப் போன் செய்து கட்டிலுக்கு நன்றி சொன்னேன்.

ஒன்றாம் தேதி அண்ணி ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நேராக வந்தார். பையிலிருந்து ஓர் உறை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தார். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், கை நீட்டவில்லை. எதற்கு நீட்டவில்லை என்பது அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரியும்.

"வாங்கு," என்றார் அண்ணி. பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "நான் அன்னைக்கு வாயிலிருந்து விட்டது தப்பு," என்றார்.

அம்மா வாங்கிக்கொண்டாள்.

அண்ணி பைக்குள் மறுபடி கையைவிட்டு ஒரு சின்ன நோட்டை எடுத்தார். கடையில் அப்போதுதான் வாங்கியது, முதல் பக்கம் விறைப்பாக நின்றது. "இவ்வளவு வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இந்தத் தடவை உன் பேரைப் போடு."

அம்மா எழுதினாள். ஏழாவது மாதம். தேதியில் இருந்த ஏழுக்கு நடுவில் கை தன்னால் ஒரு கோடு போட்டது.

அண்ணி நோட்டை வாங்கி, கண்ணுக்கு அருகில் பிடித்து அந்தக் கோட்டையே பார்த்தார். அலுவலகத்தின் கடைசி பெஞ்சிலிருந்து அவருக்கு எவ்வளவு கேட்டிருக்கும், எவ்வளவு புரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. நோட்டை மூடிப் பைக்குள் அடியில் வைத்தார்.

"அடுத்த வருஷம் குடும்ப பென்ஷனையும் மறுபடி பார்க்கப் போறாங்களாம்," என்றார். "எனக்குத் துணைக்கு வர்றதுன்னா வா. ஆனா அங்க வந்து எதுவும் எழுதித் தொலைக்காதே."